எப்போது முடியும் என்று கேட்டாய்

கும்பகோணம்

அன்பு மகள் செல்விக்கு,

"இன்னும் எத்தனை கீமோ பெரியம்மா, எப்போ முடியும்?" என்று நேற்று போனில் கேட்டாய். பக்கத்தில் உன் அம்மா இருந்தாள். அவளை நினைத்து, "எல்லாம் சரியாகிடும்" என்று மழுப்பிவிட்டேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. உன்னிடம் நான் மழுப்பக்கூடாது.

நோய் எலும்புக்குப் போன பிறகு கணக்கு வேறு. மருந்து கேட்கிற வரை அதே மருந்து, கேட்காவிட்டால் அடுத்தது, நடுநடுவே ஸ்கேன். முடிகிற தேதியை எந்த டாக்டராலும் எழுதித் தர முடியாது. எனக்கு இது ஐந்தாவது வருஷம். முதல் வருஷம் உன்னைப் போல நானும் முடிவுக்காகவே காத்துக் கிடந்தேன். தீபாவளிப் புடவையை மடிப்புக் கலைக்கவில்லை. கொல்லையில் ஒரு அவரை விதை ஊன்றவில்லை. "ட்ரீட்மென்ட் முடியட்டும்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு தையும் ஒரு சித்திரையும் போய்விட்டன. பட்ட வலியெல்லாம் மறந்துவிட்டது. அந்த வருஷத்தை வீணாக்கியதற்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

முதல் வேலையாக, கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்று வாங்கு. உனக்கு 21 நாள் சுற்று. ஊசி போட்ட அன்றும் மறுநாளும் ஸ்டீராய்டு தயவில் தெம்பாக இருக்கும். அதை நம்பிப் பரண் மேல் ஏறாதே. அப்புறம் மூன்று நாள் படுக்கைதான். ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் வெள்ளை அணு கவுண்ட் நன்றாக இறங்கும். படுக்கை நாளுக்குப் பென்சிலால் ஒரு கோடு, கவுண்ட் இறங்கும் நாளுக்கு ஒரு வட்டம் போடுவேன். மிச்சத்தை வெறுமனே விடுவேன். இரண்டு சுற்று போனதும் பார்த்தால், கிட்டத்தட்டப் பாதிக் கட்டம் வெறுமனே இருந்தது. கல்யாணம், கோயில், பேங்க், உன் பெரியப்பாவோடு சண்டை, எல்லாவற்றையும் அந்தக் கட்டங்களில்தான் வைத்துக்கொண்டேன்.

வட்டம் போட்ட நாட்களில் மட்டும் என் பேச்சைக் கேள். தெர்மாமீட்டர் தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். 100.4 காட்டினால் மணி என்ன என்று பார்க்காதே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. இரண்டாவது வருஷம் எனக்கு ராத்திரி பத்து மணிக்கு 101. தூங்குகிற பிள்ளையை எழுப்பப் பாவமாக இருந்தது. பாரசிட்டமால் ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தேன். விடிவதற்குள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஐசியூவில் ஆறு நாள். யாரையும் எழுப்பக் கூச்சப்படாதே, செல்வி. எழுப்பு.

சிவப்பு மருந்து ஏறிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று பயந்துவிடாதே, மருந்தின் நிறம்தான். ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். முடி மூன்றாவது வாரம் சீப்போடு வரும். அழுகை வந்தால் அழுதுவிடு.

சாப்பாடுதான் பெரிய பாடு. எவர்சில்வர் டம்ளரில் காபி குடித்தால் வாயெல்லாம் இரும்பு. கண்ணாடி டம்ளருக்கு மாறினேன், கொஞ்சம் தேவலை. ரசம் சாதமே குமட்டிய நாட்களில், ஆறிப்போன இட்லியும் வாழைப்பழமும்தான் இறங்கின. சூடாக இருந்தால் வாசனை தூக்கும். ஆறவிட்டால் அவ்வளவு தெரியாது.

உன் மாமியார் நித்தியகல்யாணி இலையை அரைத்துத் தருகிறார்களாமே. அவர்கள் பாசத்தில் செய்வது எனக்குப் புரிகிறது. அந்தச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்கிற மருந்தைப் பிரித்தார்கள்; 1960களிலிருந்து ரத்தப் புற்றுநோய் வந்த எத்தனையோ குழந்தைகளை அது பிழைக்க வைத்திருக்கிறது. ஆனால் அது மில்லிகிராம் கணக்கில் அளந்து நரம்பில் ஏற்றுகிற மருந்து. அளவு தப்பினால் விஷம். இலையை அரைத்துக் குடிப்பதில் எந்த அளவும் இல்லை. அதைப் பக்குவமாக அவர்களிடம் சொல். உனக்குச் சொல்ல முடியாவிட்டால் நான் பேசுகிறேன்.

எனக்கு இப்போது மாத்திரைதான். 14 நாள் போட்டு, 7 நாள் ஓய்வு. உள்ளங்கை தோல் உரிகிறது. சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை, உன் பெரியப்பா பிசைகிறார். கொல்லையில் அவரைக்கொடி ஏறிவிட்டது.

மாசியில் குட்டிக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழா என்றாயே, தேதி என்ன? உன் காலண்டரில் அது எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார். வட்டத்தில் விழுந்தால், சுற்றை இரண்டு நாள் தள்ளிப் போட முடியுமா என்று இப்போதே டாக்டரிடம் கேள். என் ஓய்வு வாரமாக இருந்தால் நானும் பஸ் ஏறி வருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா