இரவல் பம்ப் வேண்டாம்: மூச்சுக்குழாய் அழற்சியும் அதன் அடையாளங்களும்



வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் வாங்கும் நேரத்தில் மண்டபத்தில் இரண்டொருவர் இருமுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். "இது பழைய சளி, அடுப்புப் புகையில் வந்த இருமல்" என்று சொல்லிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரின் பம்பை வாங்கி இழுப்பவர்களையும் கண்டிருக்கிறோம். ஒருவருடைய பம்ப் மற்றவருக்கு ஏன் பொருந்தாது என்பதை இம்முறை படிப்போம்.

நாட்பட்ட இருமலும் இளைப்பும் தரும் வருத்தங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று தொய்வு, அதாவது ஆஸ்துமா. மற்றது நீடித்த மூச்சடைப்பு நோய். இதனை இங்குள்ள வைத்தியர்கள் பி.பி.சி.ஓ. என்று எழுதுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் இந்த இரண்டாவது நோயால் 35 இலட்சம் பேர் இறந்தனர். சிகரட்டும் சுருட்டும் மட்டும் இதற்குக் காரணமல்ல. ஊரில் குசினிக்குள் விறகும் பொச்சுமட்டையும் எரித்த புகையும் ஒரு காரணம். ஆகவே சிகரட்டைத் தொட்டே அறியாத எமது அம்மாமாருக்கும் இது வரலாம்.

இரண்டு நோயிலும் மூச்சுக்குழாயின் உட்சுவர் சிவந்து வீங்குகிறது. இதுவே அழற்சி. ஆனால் அழற்சியை நடத்தும் வெள்ளை அணுக்கள் வேறு. தொய்வில் பெரும்பாலும் இயோசினோபில் அணுக்கள் கூடுகின்றன. மூச்சடைப்பு நோயில் பெரும்பாலும் நியூட்ரோபில் அணுக்கள் கூடுகின்றன. இன்டர்லூகின் 8 என்னும் இரசாயனம் இவற்றை அழைத்து வருகிறது. வந்த அணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியை வெளிவிட, அது நுரையீரலின் மீள்தன்மையுள்ள நார்களை அரிக்கிறது. இந்த அரிப்பைத் தடுக்க எமது இரத்தத்தில் ஆல்ஃபா 1 ஆன்டிட்ரிப்சின் என்ற காவல் புரதம் உண்டு. இப்புரதம் பிறவியிலேயே குறைந்தவர்களின் நுரையீரல் இளவயதிலேயே கெடுவதை 1963இல் சுவீடனில் லோரெல், எரிக்சன் என்ற இருவர் எடுத்துக்காட்டினர். அரிக்கும் நொதிக்கும் தடுக்கும் புரதத்துக்கும் இடையிலுள்ள சமநிலையே முக்கியம் என்பது அதன் பின்னரே விளங்கியது.

இந்தச் சமநிலையைப் பற்றிய ஓர் ஆய்வு நாம் வாழும் பலெர்மோவிலேயே நடந்தது. இத்தாலியத் தேசிய ஆராய்ச்சிச் சபையின் இங்கிருந்த சுவாச நோய் நிலையத்தில் ஏ. எம். விஞ்ஞோலா, ஜொவான்னி பொன்சிஞ்ஞோரே முதலியோர் நோயாளரின் சளியைச் சோதித்து 1998இல் முடிவை வெளியிட்டனர். திசுவை அரிக்கும் எம்.எம்.பி.-9 என்ற நொதியையும், அதை அடக்கும் டிம்ப்-1 என்ற புரதத்தையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். தொய்வும் நாட்பட்ட மார்புச்சளியும் உள்ளவர்களிடம், அடக்கும் புரதத்தோடு ஒப்பிடும்போது அந்த நொதி குறைவாக இருந்தது. அந்த விகிதம் எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவுக்கு மூச்சுவிடும் பலமும் குறைந்திருந்தது. அரிப்பு மட்டுமல்ல, சுவர் தடித்துத் தழும்பாவதும் மூச்சை அடைக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

அழற்சியின் அடையாளங்களை எப்படிப் பார்ப்பார்கள்? உப்புநீர் ஆவியை இழுக்கச் செய்து, வரும் சளியில் அணுக்களை எண்ணுவது ஒரு முறை. வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஒக்சைட் வாயுவை அளப்பது இன்னொன்று. இவை பெரிய இடங்களிலேயே நடக்கும். ஆனால் நாம் எல்லோரும் செய்யும் ஏமோக்ரோமோ இரத்தப் பரிசோதனையிலேயே இயோசினோபில் எண்ணிக்கை வரும். மூச்சடைப்பு நோய் அடிக்கடி கடுமையாகிறவரிடம் அது ஒரு மைக்ரோ லீற்றரில் 300க்கு மேலிருந்தால் ஸ்டீரொயிட் பம்ப் பயன் தரக்கூடும். சில தாள்களில் இது 0,30 என்று இருக்கும். 100க்குக் கீழென்றால் பயன் மிகக் குறைவு. நியூமோனியாக் காய்ச்சல் வரும் அபாயமே மிஞ்சும். மாறாக, தொய்வு உள்ளவர் ஸ்டீரொயிட் இல்லாமல், குழாயை நெடுநேரம் விரிக்கும் பம்பை மட்டும் இழுத்தால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

ஆகவே அடியார்கள் கவனிக்க வேண்டியவை:

1. இரவல் பம்ப் வேண்டாம். ஊரிலிருந்து வந்த பம்பையும் வைத்தியரிடம் காட்டாமல் இழுக்க வேண்டாம்.

2. இருமல் மாதக்கணக்கில் நீடித்தால், அல்லது படி ஏறும்போது இளைத்தால், குடும்ப வைத்தியரிடம் ஸ்பிரோமெட்ரியா பரிசோதனை கேளுங்கள். மருந்து இழுத்த பின்பும், முழு மூச்சில் 70 வீதத்தை முதல் வினாடிக்குள் ஊத முடியாவிட்டால் அது மூச்சடைப்பு நோயின் அடையாளம். இரத்த அடையாளம் இதற்குத் துணையே அன்றி மாற்று அல்ல.

3. வீடு சுத்தம் செய்யும் வேலையில் கண்டெஜ்ஜீனாவையும் அசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் நச்சுவாயு கிளம்பும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

4. சிகரட் பிடிப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள். அழிந்த நுரையீரல் திரும்பாது; இருப்பதைக் காக்கலாம்.

நாமும் மண்டபத்தில் தூபம் போடும்போது ஜன்னல்களைத் திறந்து வைப்போம். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இதனை வாசித்துக் காட்டுங்கள். எல்லோரும் நோயற்று வாழ இறைவன் அருள் புரிவானாக.