சைக்கிள் பிரேம் வியாபாரம்: தொடங்குமுன் அறிய வேண்டுவன

நமது கிராமங்களில் சைக்கிள் இல்லாத தெருவைக் காண்பது அரிது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் பெருந்திரளான பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்பித்தது. பின்னர் பள்ளி மாணவ மாணவியருக்கு அரசு வழங்கிய சைக்கிள்கள் வீடுகளுக்கு வந்தன. மோட்டார் வாகனங்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் பால்காரருக்கும், கீரை விற்போருக்கும், கூலி வேலைக்குச் செல்வோருக்கும் சைக்கிளே துணை. இவர்களுள் பலருடைய வண்டியில் சக்கரமும் செயினும் நன்றாயிருக்க, பிரேம் மட்டும் விரிசல் கண்டிருக்கும். அதற்காகப் புது வண்டி வாங்க அவர்கள் கையில் பணம் இராது.

இத்தகையோருக்குக் குறைந்த விலையில் பிரேம் விற்று, பழைய உறுப்புகளை அதில் பூட்டித் தருவது, சைக்கிள் பழுது பார்க்கத் தெரிந்த இளைஞருக்கு ஏற்ற தொழிலாகும். ஆனால் வேலை தெரியாதவர் பிரேமை மட்டும் வாங்கி விற்றுப் பிழைக்கலாம் என எண்ணுதல் சரியன்று. வாங்குபவருக்கு வேண்டியது ஓடுகிற வண்டியே.

முதலாவது, அளவு. பழைய கறுப்புச் சைக்கிள்களின் பிரேம் 22 அங்குலம், 24 அங்குலம் என இரு உயரங்களில் பெரிதும் வழங்கும். அவற்றின் 28 அங்குலச் சக்கரத்தில், ரிம்மின்மீது டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். மலைச் சைக்கிள் வகையின் 26 அங்குலச் சக்கரத்திலோ அது 559 மில்லிமீட்டரே. ஒன்றின் பிரேமில் மற்றதன் சக்கரத்தைப் பூட்டினால் பிரேக் கட்டை ரிம்மைத் தொடாது. பெடல் அச்சின் கப்புகளையும் பார்க்க வேண்டும். வழக்கமான வகையில் செயின் பக்கத்துக் கப்பு இடமரை உடையது. இதனை அறியாது வலிந்து திருகினால் புதுப் பிரேமின் மரை அன்றே கெடும்.

இரண்டாவது, நேர்மை, வியாபாரியின் நேர்மையோடு பிரேமின் நேர்மையும். மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும்போது ஒரு நூல்கயிற்றை உடன் கொண்டு செல்க. பின்சக்கரம் பூட்டும் இடது காதில் கயிற்றைக் கட்டி, ஹாண்டில் குழாயின் முன்புறமாகச் சுற்றி, வலது காதுக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டுக. சீட்டுக் குழாய்க்கும் கயிற்றுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து பார்த்தால், பிரேம் நேரா கோணலா என்பது விளங்கிவிடும். 2 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடுமாயின் அதனைத் தள்ளிவிடுவதே நலம். கோணல் பிரேம் ஒரு புறமாக இழுக்கும். டயரும் விரைவில் தேயும்.

பழைய பிரேமாயின் ஹாண்டில் குழாய்க்குப் பின்னால், அடிக்குழாயின் கீழ்ப்புறத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே வர்ணம் சுருங்கியிருப்பின் வண்டி எதிலோ மோதியிருக்கிறது. புதுவர்ணம் பூசி அதை மறைத்து விற்போரும் உளர். 20 லிட்டர் பால் கேன் இரண்டைத் தொங்கவிட்டால் 40 கிலோவுக்கு மேல் பாரம் ஏறும். அவ்வேளையில் முன் போர்க்கு முறிந்தால் கொட்டுவது பால் மட்டுமன்று. ஓட்டுபவரின் பல்லும் முகமும் தப்புவது அரிது. ஆகவே விரிசலைப் பற்றவைத்து ஒட்டிய போர்க்கை எவ்வளவு மலிவாயினும் விற்கலாகாது.

முதலீட்டைப் பற்றி ஒரு கணக்கு. பிரேம் ஒன்று 1,500 ரூபாய் என வைத்துக்கொண்டால், 20 பிரேமுக்கு 30,000 ரூபாய் ஆகும். வாரத்திற்கு ஒன்றே விற்குமானால் கடைசிப் பிரேம் 20 வாரம் சுவரில் தொங்கும். கடனுக்கு வட்டியோ ஓடிக்கொண்டிருக்கும். ஆறு பிரேமோடு தொடங்கினால் 9,000 ரூபாயே முடங்கும். 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் பெறலாம் என்பதற்காக, முழுத் தொகையையும் சரக்கிலே போட்டுவிடுதல் விவேகமன்று. சைக்கிளுக்கும் அதன் உறுப்புகளுக்கும் சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. பில்லில் அதைச் சரிபார்த்துக் கொள்க.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிரேமின்மீது எண் பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் பெடல் அச்சின் அடியிலோ சீட்டுக்குக் கீழோ காணலாம். பழைய பிரேம் வாங்கும் கடைக்காரர் அந்த எண், விற்றவர் பெயர், ஊர், தேதி ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். எண்ணை அராவி அழித்த பிரேமைத் தொடவே கூடாது. திருட்டுப் பொருள் என அறிந்து வாங்குதல் குற்றமாகும். சந்தை நாளன்று கடைக்கு இடம் ஒதுக்கும் ஊராட்சி, அக்குறிப்பேட்டை மாதம் ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.