விச்சிட்டாவுக்குப் படிக்கப் போகிறீர்களா? மைதானத்துக்கும் வழி கேட்டுக்கொள்ளுங்கள்

கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா, விமானம் கட்டிப் பிழைக்கும் ஊர். செஸ்னா, பீச்கிராஃப்ட், லியர்ஜெட் எல்லாம் அந்த மண்ணில் வளர்ந்த பெயர்கள்தான். அதனாலேயே விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஏரோஸ்பேஸும் மெக்கானிக்கலும் படிக்க இந்திய மாணவர்கள் நிறையப் போகிறார்கள். வாடகை வீடு, வங்கிக் கணக்கு, துவரம்பருப்பு கிடைக்கும் கடை என்று எல்லாவற்றையும் சீனியர்கள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். விளையாட்டுத் துறையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ‘எம்.எஸ். படிக்கப் போகிறவனுக்கு அது எதற்கு?’ என்ற எண்ணம்தான்.

எதற்கு என்றால், உங்கள் பணமும் அதில் இருக்கிறது. நீங்கள் கட்டும் மாணவர் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தத் துறைக்குப் போகிறது. டி.ஏ. (ஆசிரியர் உதவியாளர்) வேலை கிடைத்தால் உங்கள் வகுப்பில் ஒரு வீரரோ வீராங்கனையோ உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, சுமார் நான்கு லட்சம் பேர் வாழும் அந்த நகரத்துக்கு என்.பி.ஏ. அணி கிடையாது, என்.எஃப்.எல். அணியும் கிடையாது. ஏறக்குறைய 17,000 பேர் படிக்கும் ஒரு நடுத்தரப் பல்கலைக்கழகத்தின் ‘ஷாக்கர்ஸ்’ அணியைத்தான் ஊர் தன் அணி என்று வைத்திருக்கிறது. அந்த ஊர்க்காரரோடு பேசிப் பழக இதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

செய்ய வேண்டியவை

முதல் குளிர்காலத்திலேயே ஒரு கூடைப்பந்து ஆட்டம் பாருங்கள். சார்ல்ஸ் கோக் அரீனா 1955ல் திறந்த வட்ட அரங்கம். 10,506 பேர் உட்காரலாம். மாணவர் அடையாள அட்டையைக் காட்டினால் போதும், டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. போகும் முன் கொஞ்சம் பழங்கதை தெரிந்துகொண்டு போனால் பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் பேச விஷயம் இருக்கும். 1965ல் ஒரு முறை, 2013ல் ஒரு முறை இந்த அணி நாட்டின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்றது. 2013ல் தன் பிரிவுத் தரவரிசையில் ஒன்பதாம் இடம் கொடுத்து ஓரமாக வைத்திருந்தார்கள். முதல் இடத்தில் இருந்த கொன்சாகாவைத் தோற்கடித்து, ஒஹையோ ஸ்டேட்டையும் தாண்டிப் போய், அரையிறுதியில் லூயிவிலிடம் நான்கு புள்ளியில் தோற்றது. மறு ஆண்டு தொடர்ந்து 35 ஆட்டம் வென்று ஒன்றில்கூடத் தோற்காமல் வந்து, 36வது ஆட்டத்தில் கென்டக்கியிடம் 78–76 என்று விழுந்தது. கடைசி நொடியில் ஃபிரெட் வான்விலீட் எறிந்த பந்து உள்ளே போகவில்லை. அதே வான்விலீட் என்.பி.ஏ. தேர்வில் யாராலும் எடுக்கப்படாமல், டொரன்டோ அணியில் தானாக இடம்பிடித்து 2019ல் சாம்பியன் ஆனார். அவரோடு ஆடிய ரான் பேக்கர் முதலில் உதவித்தொகையே இல்லாமல் வந்து சேர்ந்தவர். இன்னும் பழைய தலைமுறைக்காரர் என்றால் சேவியர் மெக்டானியல் பெயரைச் சொல்லுங்கள். 1985ல் ஒரே பருவத்தில் புள்ளி எடுப்பதிலும் ரீபவுண்டிலும் நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர்; அதற்கு முன் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் எவரும் அதைச் செய்ததில்லை. பிறகு நீங்கள் பேச வேண்டியிருக்காது, அவரே பேசிக்கொள்வார்.

அக்டோபர் 2ஆம் தேதி காலை வளாகத்தில் இருக்கும் ‘மெமோரியல் 70’ நினைவிடத்துக்குப் போங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் உண்டு என்றால் இதைச் செய்யுங்கள். 1970ல் அந்த நாளில் விச்சிட்டா ஸ்டேட்டின் அமெரிக்க ஃபுட்பால் அணி யூட்டா மாநிலத்தின் லோகன் நகருக்கு ஆடக் கிளம்பியது. இரண்டு மார்ட்டின் 404 விமானங்கள். பல்கலைக்கழக நிறத்தை வைத்து ஒன்றுக்கு ‘கோல்டு’, மற்றதற்கு ‘பிளாக்’ என்று பெயர். பிளாக் வழக்கமான பாதையில் போய்ச் சேர்ந்தது. முன்னணி வீரர்கள், தலைமைப் பயிற்சியாளர், விளையாட்டுத் துறை இயக்குநர் எல்லோரும் இருந்த கோல்டு, பயணிகள் மலைக்காட்சி பார்க்கட்டும் என்று கொலராடோ பள்ளத்தாக்கு வழியே போனது. எடை கூடுதல். முன்னால் மலை உயர்ந்துகொண்டே வந்தது. அதைத் தாண்டி ஏறவும் உயரம் போதவில்லை, திரும்பவும் இடம் இல்லை. சில்வர் புளூம் என்ற ஊருக்கு அருகே மோதியதில், இருந்த 40 பேரில் 31 பேர் இறந்தார்கள். மிஞ்சிய வீரர்கள் கூடி, பருவத்தை முடித்தே தீருவது என்று முடிவெடுத்தார்கள். முதலாண்டு மாணவர்களையும் இறக்கிக்கொள்ள, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அனுமதி கொடுத்தது. மூன்று வாரம் கழித்து ஆர்க்கன்சா அணியோடு ஆடி 62–0 என்று தோற்றார்கள். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் மலர்வளையம் வைக்கிறார்கள். ஏரோஸ்பேஸ் படிப்பவர்கள் விபத்தின் விசாரணை அறிக்கையையும் தேடிப் படியுங்கள். எடை, உயரம், பாதை என்று நீங்கள் வகுப்பில் போடும் கணக்குகளே அதில் இருக்கின்றன.

வசந்தத்தில் பேஸ்பால் பாருங்கள். கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே பிடிபட்டுவிடும். 1970ல் கைவிட்ட பேஸ்பாலை 1978ல் மீண்டும் தொடங்கியபோது ஜீன் ஸ்டீவன்சனிடம் ஒப்படைத்தார்கள். அணியையே புதிதாகத் திரட்ட வேண்டிய நிலை. நான்கு ஆண்டில் தேசிய இறுதி ஆட்டத்துக்கும், 1989ல் டெக்சாஸைத் தோற்கடித்துச் சாம்பியன் பட்டத்துக்கும் கொண்டுபோனார். 1993 உலகத் தொடரை ஒரே அடியில் முடித்த ஜோ கார்ட்டர் இந்தப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைதான்.

பவுலிங் ஆடிப் பாருங்கள். ராட்டிகன் மாணவர் மையத்திலேயே தளம் இருக்கிறது. ஆண்கள், பெண்கள் இரண்டு அணிகளையும் சேர்த்தால் இருபதுக்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்கள் வென்ற இடம் இது. இதைப் பற்றி அங்கே அதிகம் தம்பட்டம் அடிப்பதில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டி.ஏ. ஆனீர்கள் என்றால், வீரர்கள் கொண்டுவரும் பயணக் கடிதத்தை முதல் வாரத்திலேயே வாங்கி வையுங்கள். எந்தெந்தத் தேதியில் வெளியூர் ஆட்டம் என்று அதில் இருக்கும். விட்டுப்போன தேர்வை எப்போது வைப்பது என்று பேராசிரியரிடம் கேட்டு எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். 2017ல் அணி அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற லீக்குக்கு மாறிய பின் பயணத் தூரம் கூடிவிட்டது. புளோரிடா, வட கரோலினா, பென்சில்வேனியா என்று அலைகிறார்கள். இரவு வந்து இறங்கி, காலை எட்டு மணி வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையைச் சோம்பேறி என்று எண்ணிவிட வேண்டாம்.

வளாகத்தில் பகுதிநேர வேலை தேடும்போது விளையாட்டுத் துறையையும் கேளுங்கள். டிக்கெட், வீடியோ, புள்ளிவிவரம் என்று கம்ப்யூட்டர் தெரிந்தவருக்கு அங்கே வேலை உண்டு. எஃப்-1 விசாவில் பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாத சங்கதி ஒன்று: அரங்கத்துக்குள் இருக்கும் தின்பண்டக் கடையை வெளி நிறுவனம் நடத்தினால் அது வளாக வேலை ஆகுமா என்பது கேள்விக்குறி. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டு பிறகு சேருங்கள்.

செய்யக்கூடாதவை

‘ஃபுட்பால் அணியே இல்லையா?’ என்று அனுதாபப்படாதீர்கள். ஒரு காலத்தில் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஃபேர்மவுன்ட் கல்லூரி என்ற பெயரில் இருந்தபோது, 1905ல் உள்ளூர் கோல்மன் விளக்குகளைக் கட்டி இரவு ஆட்டம் ஆடினார்கள். பந்தை முன்னோக்கி எறியலாமா என்று, அது சட்டமாகும் முன்பே அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று சோதித்துப் பார்த்தவர்களும் இவர்கள்தான். ஆனால் கூட்டம் குறைந்தது, கடன் ஏறியது. 1986 பருவத்தோடு ஃபுட்பாலை மூடினார்கள். மீண்டும் தொடங்கலாமா என்று ஒரு முறை பேச்சு எழுந்து, செலவுக் கணக்கைப் பார்த்ததும் அடங்கியது. என்னைக் கேட்டால், அந்த விளையாட்டுத் துறை எடுத்த முடிவுகளில் மிகத் துணிச்சலானது ஃபுட்பாலை மூடியதுதான். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பதை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. செலவோ இப்போது இன்னும் ஏறிவிட்டது: ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலை 1 முதல் வழி திறந்தது. 2025 ஜூனில் வந்த நீதிமன்ற ஒப்பந்தத்தால், ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே பங்கு கொடுக்கலாம் என்று ஆனது. அந்தத் தொகையை எட்ட நடுத்தர இடங்களால் முடியாது. நன்றாக ஆடுகிற பிள்ளையை மறு ஆண்டே பெரிய பல்கலைக்கழகம் கூப்பிட்டுக்கொள்கிறது. ‘போன வருஷ ஆட்டக்காரர் எங்கே?’ என்று தேடிக் கோபப்படுவதிலும் அர்த்தம் இல்லை.

கான்சஸ் பல்கலைக்கழகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு கோக் அரீனாவுக்குப் போகாதீர்கள். மாநிலத்தின் பெரிய அண்ணன் அது. 1993க்குப் பிறகு சுமார் முப்பது ஆண்டுகள் வழக்கமான பருவத்தில் விச்சிட்டாவோடு ஆடவே இல்லை. 2015ல் தேசியப் போட்டி அட்டவணை இரண்டையும் எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்தியது. ஒமாகாவில் விச்சிட்டா 78–65 என்று வென்றது. அந்த இரவைப் பற்றி எந்த டாக்சிக்காரரும் சொல்லுவார். 2023 டிசம்பரில் கான்சஸ் சிட்டியில் நடந்த ஆட்டத்தில் கான்சஸ் வென்றதை அவரே சொல்ல மாட்டார். நீங்களும் கேட்க வேண்டாம்.

யாருடைய பாடத்தையும் எழுதிக்கொடுக்காதீர்கள். நண்பனுக்கு அசைன்மென்ட் உதவி செய்வது நமக்குப் புண்ணியக் கணக்கு. அங்கே, அதுவும் விளையாட்டு மாணவர் என்றால், உங்களோடு அணியும் சேர்ந்து மாட்டும். பக்கத்து மாநிலமான மிசூரியில் ஒரு டியூட்டர் பன்னிரண்டு வீரர்களின் பாட வேலையைச் செய்துகொடுத்தார் என்பதற்காக, 2019ல் மிசூரி பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால், பேஸ்பால், சாஃப்ட்பால் மூன்றுக்கும் பருவ இறுதிப் போட்டிகளில் தடை விழுந்தது. சலுகையும் அப்படித்தான். விச்சிட்டா ஸ்டேட் பேஸ்பால் வீரர்கள் சிலர் அலுவலக ஊழியர் ஒருவரின் தள்ளுபடிக் கணக்கில் சட்டை துணி வாங்கினார்கள். அதற்காக 2012, 2013 பருவங்களின் வெற்றிகள் பலவற்றை என்.சி.ஏ.ஏ. கணக்கிலிருந்தே நீக்கியது. இன்று லட்சக்கணக்கில் காசு கைமாறுகிறது. அன்று துணித் தள்ளுபடிக்குத் தண்டனை. நியாயமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் பாட விஷயத்தில் விதி இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது.

ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டாதீர்கள். கான்சஸில் 2022 செப்டம்பர் முதல் 21 வயது நிரம்பியவர்களுக்கு அது சட்டப்படி செல்லும். செல்போனிலேயே கட்டலாம், அதுதான் ஆபத்து. விளையாட்டுத் துறையில் வேலை பார்ப்பவருக்கோ கல்லூரி ஆட்டத்தில் பந்தயம் கட்டவே தடை. வகுப்பில் முழங்காலில் கட்டோடு வந்த வீரரைப் பற்றி வெளியே பேசாதீர்கள். அந்தத் துணுக்குக்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறது. தோற்ற பணத்துக்காக ஆட்டக்காரருக்கு வசவு அனுப்புவோரும் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளைகள் சேர வேண்டாம்.

பயிற்சியாளரைக் கோயில் கட்டிக் கும்பிடாதீர்கள். நமக்கு நடிகர்களிடம் உள்ள பழக்கம் அவர்களுக்குக் கோச்சிடம். 2007ல் வந்த கிரெக் மார்ஷல்தான் 2013, 2014 வெற்றிகளைக் கொடுத்தவர். வீரர்களை அடித்தார், இழிவாகப் பேசினார் என்று குற்றச்சாட்டுகள் எழுந்தன, அவர் மறுத்தார், பல்கலைக்கழக விசாரணைக்குப் பின் 2020 நவம்பரில் பதவி விலகினார். போகும்போது 77.5 லட்சம் டாலர் ஒப்பந்தத் தொகை. வெற்றிகளையும் இதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

வூஷாக்கைக் கேலி செய்யாதீர்கள். முறைத்த முகத்தோடு துள்ளும் அந்தக் கோதுமைக் கட்டுதான் அணியின் சின்னம். கதிர் அறுத்துக் கட்டும் கூலி வேலையில் படிப்புச் செலவைச் சமாளித்த அந்தக் கால மாணவர்களின் அடையாளம் அது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டாம்.

பெரிய பையைத் தூக்கிக்கொண்டு அரங்கத்துக்குப் போகாதீர்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஊரில் தம்பியோ தங்கையோ டென்னிஸ் ஆடுகிறார் என்றால், ‘பிளஸ் டூ முடித்து இரண்டு வருஷம் டோர்னமென்ட் சுற்றட்டும், அப்புறம் அமெரிக்கா பார்க்கலாம்’ என்று வீட்டில் தள்ளிப்போட விடாதீர்கள். இடைவெளி நீண்டால் கல்லூரி அணியில் ஆடும் தகுதி குறையும். விச்சிட்டா மாதிரி இடங்களின் டென்னிஸ் அணிகளில் வெளிநாட்டுப் பிள்ளைகள் நிறைய. பயிற்சியாளருக்கு ஆட்ட வீடியோவோடு நேரே மின்னஞ்சல் எழுதலாம். நடுவில் ஏஜென்டுக்கு லட்சம் லட்சமாகக் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் உதவித்தொகை வேறு, விளம்பர வருமானம் வேறு. எஃப்-1 விசாவில் இருக்கும் பிள்ளை விளம்பரத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டே ஆக வேண்டும்.

பெண்கள் வாலிபால் பருவம் ஆகஸ்ட் கடைசியில், நீங்கள் போய் இறங்கி வகுப்பு தொடங்கும் வேளையிலேயே வரும். அதே கோக் அரீனாதான், நெரிசல் குறைவு. அங்கிருந்து தொடங்குங்கள்.