விளைச்சலின் நடுவே பசி

பஞ்சம் என்றால் மழை பொய்த்து, ஏரி வற்றி, களஞ்சியம் காலியாகி வருவது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். 1930களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளைப் பிடித்த பசி வேறு வகையைச் சேர்ந்தது. கிடங்குகளில் கோதுமை குவிந்து கிடந்தது. நகரங்களில் ஒரு துண்டு ரொட்டிக்காகத் தெரு நீளத்துக்கு மக்கள் வரிசையில் நின்றனர். விற்றால் வண்டிச் சத்தத்துக்கும் காணாது என்று மக்காச்சோளத்தை அடுப்பில் விறகாக எரித்த உழவரும் உண்டு. விளைவித்தவன் கையிலும் காசில்லை. உண்ண வேண்டியவன் கையிலும் காசில்லை. இந்த முடிச்சை அந்நாட்டு அரசு எவ்வாறு அவிழ்க்க முயன்றது, அதில் யார் கரையேறினர், யார் தண்ணீரிலேயே விடப்பட்டனர் என்று நான் படித்தறிந்தவற்றை எழுதுகிறேன். நான் அறிவியல் மாணவன். பொருளாதாரம் என் பாடமன்று. ஆயினும் இது வெறும் பொருளாதாரம் மட்டும்தானா என்ற ஐயம் எனக்கு உண்டு.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததே எல்லாவற்றுக்கும் காரணம் எனச் சொல்வது வழக்கம். பங்கு வைத்திராத கோடிக்கணக்கானோரைத் தாக்கியது வங்கியின் வீழ்ச்சியே. வங்கி, நாம் போட்ட பணத்தில் பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்துவிடும். கையிருப்பாக வைத்திருப்பது சிறு பங்குதான். வதந்தி கிளம்பி எல்லோரும் ஒரே நாளில் வாசலில் வந்து நின்றால், நேர்மையான வங்கியும் விழும். அக்காலத்தில் நாடு முழுமைக்குமான வைப்புக் காப்பீடு கிடையாது. 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. சேமிப்பு போயிற்று, வாங்குவோர் குறைந்தனர், ஆலைகள் ஆட்களைக் குறைத்தன, அதனால் வாங்குவோர் மேலும் குறைந்தனர். 1933இல் உழைக்கக்கூடியவர் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை.

அப்போது தலைவராயிருந்த ஹூவர் இரக்கமற்றவர் என்பது சரியன்று. முதல் உலகப் போரின்போது பட்டினி கிடந்த பெல்ஜிய மக்களுக்கு உணவு அனுப்பிப் புகழ் பெற்றவர் அவர். ஆனால் ஏழைக்குச் சோறிடுவது தருமசாலைகளும் உள்ளூர் அரசுகளும் செய்ய வேண்டியது, மைய அரசு நேராகக் கொடுத்தால் மக்களின் சுயமுயற்சி கெடும் என்று நம்பினார். 1932இல் வங்கிகளுக்கும் இரயில் நிறுவனங்களுக்கும் அரசுக் கடன் தர ஏற்பாடு செய்தார். அதே ஆண்டு கோடையில், முன்னாள் போர்வீரர்கள் தங்களுக்கு 1945இல் தருவதாக வாக்களிக்கப்பட்ட தொகையை முன்னதாகவே கேட்டு வாஷிங்டனில் கூடாரமடித்தபோது, இராணுவத்தை விட்டு அவர்கள் விரட்டப்பட்டனர். அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் 48 மாநிலங்களில் 42 ரூஸ்வெல்ட்டின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

ரூஸ்வெல்ட் தம் திட்டங்களுக்கு ‘நியூ டீல்’ என்று பெயரிட்டார். அதைப் ‘புதிய ஏற்பாடு’ என மொழிபெயர்த்தால் விவிலியம் ஆகிவிடும். ஆகவே அப்படியே விட்டுவிடுகிறேன். ஆட்டக்காரர்களுக்குச் சீட்டை மறுபடி பகிர்ந்து போடுவது என்ற பொருளும் அச்சொல்லில் ஒலிக்கிறது. 1933 மார்ச்சில் பதவியேற்றவுடன் எல்லா வங்கிகளையும் சில நாட்கள் மூடச் செய்து, சோதித்து, நல்லவற்றைத் திறக்கவிட்டார். திறக்கும் முன்பு வானொலியில் எளிய பேச்சில் வங்கி எப்படி இயங்குகிறது என்று மக்களுக்கு விளக்கினார். மக்கள் எடுத்துச் சென்ற பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டனர். 1934 முதல் வைப்புத் தொகைக்குக் காப்பீடும் வந்தது. அந்தப் பத்தாண்டின் சீர்திருத்தங்களுள் இதையே நான் முதலாவதாக வைப்பேன்.

உழவுக்குச் செய்தது இத்தனை நேரானதன்று. விளைச்சல் மிகுந்ததால் விலை விழுந்தது. எனவே விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்பது 1933 மே மாதச் சட்டத்தின் கணக்கு. நிலத்தைத் தரிசாகப் போடும் உழவருக்கு அரசு பணம் தரும். அப்பணம் ஆலைகள் மீது விதித்த வரியிலிருந்து வரும். ஆனால் சட்டம் வந்தபோது பருத்தி முளைத்து நின்றது. ஆகவே சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தியை உழுது மண்ணில் புதைத்தார்கள். செடியை மிதிக்காமல் சால் நடுவே நடக்கப் பழக்கிய கோவேறு கழுதைகள், செடிமேல் நடக்க மறுத்து நின்றன என்பார்கள். 60 லட்சம் பன்றிகளையும், பெரும்பாலும் குட்டிகளை, அரசே வாங்கிக் கொன்றது. அந்த இறைச்சியில் ஒரு பகுதி ஏழைகளுக்குப் போயிற்று. எஞ்சியது உரமாகவும் கொழுப்பாகவும் கழிந்தது. ஊரெங்கும் பசி இருக்கையில் இதென்ன கொடுமை என்று கூக்குரல் எழுந்த பிறகே, மிகையான உணவுப் பொருளை ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்கத் தனி அமைப்பு ஏற்பட்டது. கணக்கு பலித்தது என்னவோ உண்மை. 1932இல் பவுண்டு 6 சென்ட் அளவில் கிடந்த பருத்தி, மறு ஆண்டே 10 சென்ட்டை எட்டியது.

ஏறிய விலை யாருக்கு? தென் மாநிலங்களில் பருத்தி விளைவித்தோரில் பலர் வாரதாரர்கள். நிலம், கோவேறு கழுதை, விதை எல்லாம் நிலச்சுவான்தாருடையவை. மகசூலில் பாதி அவருக்கு. மீதிப் பாதியிலிருந்து, அவருடைய கடையில் ஆண்டு முழுதும் கடனாக வாங்கிய மாவும் துணியும் கழியும். வாரச் சாகுபடிக் குடும்பத்தில் பிறந்த எனக்கு, ஆண்டு முடிவில் கணக்கு நோட்டு யார் கையில் இருக்கும் என்பதை ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. அரசின் ஒப்பந்தம் நிலச்சுவான்தாரோடு. காசோலையும் பெரும்பாலும் அவர் பெயருக்கே. வாரதாரருக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும், அவர்களை இயன்றவரை வெளியேற்றக் கூடாது என்று ஒப்பந்தம் கூறியது. ‘இயன்றவரை’ என்ற அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று! தரிசு போட்ட நிலத்துக்கு ஆள் எதற்கு? குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு சாலைக்கு வந்தன. வாரதாரரை நீக்கிக் கூலியாளை வைத்துக்கொண்டால், அரசு தரும் தொகை முழுவதும் நிலச்சுவான்தாருக்கே மிஞ்சியது.

1934 ஜூலையில் ஆர்கன்சா மாநிலத்து டைரன்சா என்ற சிற்றூரில் 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தாரும் கூடி, தென்பகுதி வாரதாரர் சங்கத்தைத் தொடங்கினர். இரு இனத்தாரும் ஒரே பெஞ்சில் அமர்வதே குற்றமெனக் கருதப்பட்ட நாட்டில் இது எளிய செயலன்று. சங்கத்தார் அடிபட்டனர், சிறைப்பட்டனர். மறு ஆண்டு, வேளாண் துறையின் சட்டப் பிரிவில் இருந்த ஜெரோம் ஃபிராங்க் முதலியோர், இருக்கும் வாரதாரரையே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்துக்குப் பொருள் கூறினர். 1935 பிப்ரவரியில் அவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். நீக்கத்துக்கு இசைந்த வேளாண் செயலாளர் வாலஸ், ஏழைகளிடம் பரிவுடையவர் என்று பெயர் பெற்றவரே.

இங்கேதான் அரசியல் வருகிறது. காங்கிரசின் முக்கியக் குழுக்களுக்குத் தென் மாநில ஜனநாயகக் கட்சியினர் பலர் தலைவர்களாயிருந்தனர். அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் நிலச்சுவான்தார்களும் வெள்ளையருமே. தலைவரியும் எழுத்தறிவுச் சோதனையும் கறுப்பினத்தாரையும் ஏழை வெள்ளையர் பலரையும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தியிருந்தன. அவர்களின் ஆதரவின்றி எந்தச் சட்டமும் நகராது. கும்பல் கொலையைத் தடுக்கும் மசோதாவுக்குக்கூட ரூஸ்வெல்ட் முழு மனதோடு துணை நிற்காததன் காரணம் இதுவே. வாக்கில்லாதவனுக்கு வழக்குரைக்க யாரும் இல்லை.

1935 ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியமும் வேலையிழந்தோர் உதவியும் தந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதில் பண்ணைத் தொழிலாளரும் வீட்டு வேலையாளரும் விலக்கப்பட்டனர். கறுப்பின உழைப்பாளரில் பாதிக்கு மேற்பட்டோர் இவ்விரு வேலைகளிலேயே இருந்தனர். தென் மாநிலத்தாரின் வற்புறுத்தலே காரணம் என்பார் சிலர். சிதறிக் கிடப்போரிடம் வரி வசூலிப்பது கடினம் எனக் கருவூலச் செயலாளர் மார்கெந்தாவ் சொன்னதே காரணம் என்பார் வேறு சிலர். இரண்டும் கலந்திருக்கலாம். ஆனால் 1938இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் பண்ணைத் தொழிலாளரை விலக்கியதைப் பார்க்கும்போது, வசூலின் கடினத்தை மட்டும் ஏற்க என் மனம் இடம் தரவில்லை.

1950, 1954 ஆண்டுகளின் திருத்தங்களால்தான் அவர்கள் படிப்படியாக ஓய்வூதியத்துக்குள் வந்தனர். 1935இல் நாற்பது வயதாயிருந்த ஒரு பண்ணைத் தொழிலாளி, உயிரோடு இருந்தால், அதற்குள் அறுபதை நெருங்கியிருப்பார்.