மென்பொருள் உருவாக்கத்தில் இரகசியச் சாவிகளின் பாதுகாப்பு

அரசின் நலத்திட்டங்களும் வங்கிச் சேவைகளும் இன்று பெருமளவு கணிப்பொறி வழியே மக்களைச் சென்றடைகின்றன. ஒரு மென்பொருள் தரவுத்தளத்தை அணுக வேண்டுமாயின், கடவுச்சொல்லையோ இரகசியச் சாவியையோ காட்ட வேண்டும். அதைக் காட்டுபவர் எவராயினும், அவரை உரியவராகவே கணிப்பொறி ஏற்றுக்கொள்ளும். எனவே இச்சாவிகளைப் பேணுவது கருவூலத்தின் திறவுகோலைப் பேணுவதற்கு ஒப்பாகும்.

ஊபர் தரும் படிப்பினை

வாடகைக் கார்ச் சேவை நடத்தும் அமெரிக்காவின் ஊபர் நிறுவனத்தில், முழு அதிகாரமுள்ள ஒரே சாவியைப் பொறியாளர் பலரும் பயன்படுத்தி வந்தனர். 2014-ஆம் ஆண்டில் அச்சாவி 'கிட்ஹப்' நிரல் களஞ்சியத்தில் யாவரும் காணுமாறு வெளியாகி, ஓட்டுநர்களின் விவரங்கள் களவு போயின. 2016-இல் அந்நிறுவனத்தின் தனிக் களஞ்சியத்தினுள் நுழைந்தோர், நிரலில் எழுதப்பட்டிருந்த சாவியைக் கொண்டு 5.7 கோடிப் பேரின் விவரங்களைக் கவர்ந்தனர். 2017 நவம்பரில்தான் இது வெளியிடப்பட்டது. 2018-இல் அமெரிக்க மாநிலங்களுக்கு 14.8 கோடி டாலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. தனிக் களஞ்சியம் இரும்புப் பெட்டியாகாது என்பதே இதனால் பெறப்படும் பாடமாகும்.

காக்கும் முறைகள்

முதலாவதாக, சாவியை நிரலில் எழுதலாகாது. அதற்கென அமைந்த இரகசியக் காப்பகத்தில் வைத்து, மென்பொருள் இயங்கும்போது பெறச் செய்தல் வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு பணிக்கும் தனிச் சாவியும், அப்பணிக்குத் தேவையான அதிகாரமும் மட்டுமே அளிக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, சாவிகளின் ஆயுள் குறுகியதாக இருத்தல் நலம். நான்காவதாக, களஞ்சியத்தில் சேர்க்குமுன் நிரலைத் தானியங்கிக் கருவியால் சோதிக்க வேண்டும்.

தவறி வெளியான சாவியை அழித்துவிட்டால் போதும் என்று கருதுவது பிழை. களஞ்சியம் பழைய பதிப்புகளையும் காத்து வைப்பதால், நீக்கிய வரி வரலாற்றில் நிலைத்திருக்கும். ஆகவே முதலில் சாவியைச் செல்லாததாக்கிப் புதியதை வழங்கவேண்டும். அது எங்கெங்கு பயன்பட்டது என்பதைப் பின்னர் ஆராயவேண்டும்.

சட்டமும் பொறுப்பும்

கவனக்குறைவு நிறுவனத்தினுடையது, இழப்பின் பெரும்பகுதியோ பொதுமக்களுடையது. பொருளியலார் புறவிளைவு எனக் கூறும் இந்நிலையில் சட்டத்தின் தலையீடு இன்றியமையாததாகிறது. இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்குமாறு 'செர்ட்-இன்' அமைப்பு 2022-இல் ஆணையிட்டது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு செய்யத் தவறியோருக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வகைசெய்கிறது.

மென்பொருள் ஒப்பந்தங்களில் கையொப்பமிடும் அலுவலர்கள், சாவிகள் எங்கு வைக்கப்படும், எவர் பொறுப்பில் இருக்கும், எப்போது மாற்றப்படும் என்பவற்றை எழுத்துமூலம் கேட்டுப் பெறுதல் அவர்களது கடமையாகும்.