சட்டம் அறிவோம்: ஜெயிலில் இருப்பவருக்கும் வக்கீல் உண்டு



செம்மநத்தம் கூட்டத்தில் இந்த மாதம் நாம் பேசப்போகும் பாடம் இது.

2013 டிசம்பரில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்டப் போனதாகத் தமிழ்நாட்டுக் கூலிக்காரர்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். 2016-ல் 280-க்கும் மேற்பட்டோரைத் திருப்பதி கோர்ட் விடுதலை செய்தது. ஆனால் ஜெயிலில் போன காலம் திரும்புமா?

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று உட்கார்ந்துவிட வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் அனைவருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு.

செய்ய வேண்டியது: கைதானவர் பெயர், ஜெயில், வழக்கு எண் எழுதி வையுங்கள். 15100-க்குப் போன் செய்யுங்கள். அல்லது சேலம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள்.

ஜெயிலுக்குப் போனவர் வீட்டை ஒதுக்காதீர்கள். அந்தச் சகோதரியோடு குழுவாகப் போவோம்.