கற்பாறையிற் பதிந்த பேரழிவு

பாசிக்குடாவிற் கடல் ஆழமின்றிக் கிடத்தலால், முழங்காலளவு நீரிலேயே நெடுந்தூரம் நடக்கலாம். அவ்வாறு நடப்போர் சிப்பியும் சங்கும் முருகைக்கற்றுண்டும் மணலுள் அமிழ்ந்து கிடப்பதைக் கண்டிருப்பர். அவற்றின்மேற் சேறும் மணலும் படைபடையாகப் படிந்து இறுகுமாயின் அடையற்பாறை தோன்றும். உள்ளே அகப்பட்டவை உயிர்ச்சுவடுகளாகும்.

எனினும், அக்கரைக்கு அடியிலுள்ள தொல்பாறையிற் சுவடு தேடுதல் வீண்முயற்சியே. மட்டக்களப்புப் பகுதியின் அடித்தளம் விஜயன் தொடரைச் சேர்ந்த உருமாறிய பாறை. அதன் மூலம் ஏறக்குறைய 100 கோடி ஆண்டுப் பழமையுடையது. ஓடுடைய விலங்குகள் உலகிற் பெருகத் தொடங்கியதோ ஏறக்குறைய 54 கோடி ஆண்டுகளின் முன்னர்த்தான். ஆதலின், உயிரினங்களின் பேரழிவொன்றைப் பாறையிற் படிக்க விரும்பும் நம் மாணவர் பாக்குநீரிணையைக் கடந்து தமிழ்நாட்டின் அரியலூருக்கே செல்லவேண்டும்.

கிரித்தேசியக் காலத்திற் கடல் அங்கு உட்புகுந்து நின்றது. 1862 இல் பிளான்போட் என்பார் அப்படைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். ஆட்டுக்கடாவின் கொம்புபோற் சுருண்ட அமோனைற்றுக்கள் அவற்றில் ஏராளம். அவற்றுக்கு மேலேயுள்ள நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லிலோ ஒன்றேனும் இல்லை.

இதுகொண்டு பேரழிவை உடனே நிறுவிவிடலாமா? ஆகாது. இரண்டுக்கும் இடையில் ஆறுகள் கொணர்ந்த கல்லமேட்டு மணற்கல்லும் களியும் உள்ளன. அவற்றிற் கிடைப்பன தினோசர் என்புகள். அஃதாவது, உரிய வேளையிற் கடல் பின்வாங்கிவிட்டது. கடல்வாழ் உயிர் இறந்தொழிந்ததா, கடலோடு அகன்றதா என்பதை அப்படை தனித்துச் சொல்லாது. சுவடு இன்மையைக் கண்டதும் உயிர் இன்மையைத் துணிதல் மாணவர் பலர் செய்யும் பிழை.

ஐயம் தீர்ப்பது கடல் விலகாத இடத்துப் படையே. மேகாலயாவின் உம் சோரிங்கியூ ஆற்றங்கரையில் அவ்விரு காலங்களின் எல்லை கடற்படைகளிற் பதிந்துள்ளது. அவ்வெல்லையில் இரிடியம் வழமைக்கு மிஞ்சிக் காணப்படுகின்றது. இவ்வுலோகம் புவியோட்டில் அரிது, விண்கற்களில் மிகுதி. இத்தாலியின் குப்பியோவில் இதனைக் கண்டே அல்வாரசு என்னும் தந்தையும் மகனும் தம் துணைவருடன் 1980 இல் விண்கல் மோதற் கொள்கையை வெளியிட்டனர். மெக்சிக்கோவின் சிக்சுலூப்பிற் புதைந்துள்ள பெருங்குழி பின்னர் அதற்குச் சான்றாயிற்று. 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளின் முன் நிகழ்ந்த அவ்வழிவில் உயிரினங்களில் ஏறக்குறைய முக்காற்பங்கு அற்றன. அதே காலத்திற் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகியதும் உண்மை. அதன் பங்கு எத்துணை என்பதில் அறிஞரிடை இன்னும் வழக்குண்டு.

அமோனைற்றின் உறவான நோட்டிலசு இனம் நின்னியூர்ப் படையிலும் உண்டு. அமோனைற்றின் குஞ்சுகள் மிகச் சிறியன. கடலின் மேற்பரப்பில் மிதந்து உணவு தேடின. நோட்டிலசின் முட்டையோ பெரிது. குஞ்சும் ஆழத்தே வளர்வது. ஒளி மறைந்து மேற்பரப்பில் உணவு அற்றபோது முன்னவை மாண்டன என்பர்.